அருமனைக்காரியிடம் சொன்னது

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேச்சு கிளம்பினால், உலை கொதிப்பதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்விடும். அவளிடம் போன பேச்சு மட்டும் எங்கும் போகாது. அங்கேயே நின்றுவிடும்.

கடல் இல்லாத அருமனைப் பக்கத்துப் பிள்ளை. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் அருமனைக்காரி. சொந்தப் பேர் உண்டு. நான் எழுதவில்லை. அவளும் தன் நோட்டில் யார் பேரையும் எழுதமாட்டாள். ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு வைப்பாள்.

இனயத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் எங்கள் வீடு. மேலே ஒற்றை அறை. அதை வாடகைக்குக் கேட்டு வந்தாள். கையில் ஆளைவிடப் பெரிய குடை.

“என்ன ஜோலி பிள்ளே உனக்கு?” என்றேன்.

“ஜோலி இல்ல அக்கா. பயிற்சி. ஒரு வருசம். மாசாமாசம் உதவித்தொகை தருவாங்க.”

“என்ன பயிற்சி?”

“டாக்டர் மருந்து குடுக்காரு. ஆளு வாங்கிட்டுப் போறாரு. பொறவு திங்காம விட்டிருதாரு. அது எப்படி நடக்குன்னு பாக்கது. மனுசங்க நடந்துக்கிற விதத்தப் பத்தி ஒரு படிப்பு இருக்கு. சுகாதார ஆராய்ச்சிக்குப் புதுசா வந்தவங்களுக்கு அதச் சொல்லித் தாறாங்க.”

படிக்கிறவன் காசு கொடுப்பான் என்றுதான் எனக்குத் தெரியும். படிக்கிறவளுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ரெஜினா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆம்பிளைகள் மருந்து திங்காததுக்கு உனக்குச் சம்பளமா? எங்கிட்ட கேளு, சும்மாவே சொல்லித் தாறேன். மடி பிடிச்ச சோம்பேறிக் கூட்டம். வேற ஒண்ணும் இல்ல.”

அவள் சிரித்தாள். “அதையும் எழுதிக்கிடுதேன் அக்கா” என்றாள். எழுதவும் செய்தாள்.

மெலிந்த பிள்ளை. கடலைப் பார்த்தால் பயம். அலை நனைக்கிற மணலில்கூட நிற்கமாட்டாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்தால் மரச்சீனியை முதலில் தீர்த்துவிட்டு, மீனை வைத்துக்கொண்டு வெகுநேரம் முள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அருமனையில மீனுக்கு முள்ளு கிடையாது, இல்லியா மக்கா?” என்பார் எங்கள் வீட்டுக்காரர்.

“அங்க வாற மீனுக்கு உயிரே கிடையாது மாமா. முள்ளு எங்க இருக்கும்?” என்பாள்.

அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். என்னிடம் அவர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் சத்தம் என்று கேட்டது அவள் வந்த பிறகுதான்.

அவள் ஊரில் வீடு வீடாகப் போவாள். பிரஷர் உள்ளவர்கள், சுகர் உள்ளவர்கள், கடலுக்குப் போகிறவர்கள். முதலில் ஒரு பேப்பரை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவாள். நீங்கள் சொல்வது வேறு யாருக்கும் போகாது என்று அதில் இருந்தது. எல்லாரும் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள். இப்படி எத்தனையோ பேர் பேப்பர் கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் இருக்கிறபடி ஒருத்தி நடப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு வீட்டில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எதிரில் இருக்கிறவர் பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடிவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினால், “பொறவு?” என்பாள். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன். “ஏன் திங்கலன்னு நேரா கேட்டுட்டு வரவேண்டியதுதானே. ஒரு மணிக்கூறு இருந்து கதை கேக்கே.”

“ஏன்னு கேட்டா காரணம் வரும் அக்கா. நடந்தது வராது” என்றாள்.

அது அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததா, அவளே கண்டதா தெரியாது.

ரெஜினா வீட்டு வாசலில் மீன் குடலைக் கொண்டு கொட்டுகிற ஆள் ஒருத்தி இருந்தாள். ஈயும் நாற்றமுமாகக் கிடக்கும். யார் என்று தெரியாமல் ரெஜினா காலையில் எழுந்து தெருவுக்கே பொதுவாகத் திட்டுவாள். அருமனைக்காரி விடியற்காலையில் மேலே நின்று பல் தேய்க்கிறவள். அவள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

“நீ கண்டிருக்கே. உனக்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்லு பிள்ளே.”

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் அக்கா.”

“அப்போ கண்டது உண்டு!”

“அதையும் சொல்லமாட்டேன்.”

ரெஜினா நாலு நாள் அவளிடம் பேசவில்லை. அதற்குள் குடல் கொட்டுவது நின்றுவிட்டது. கொட்டினவளிடம் இவள் ஏதோ பேசியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்டேன். அதையும் சொல்லவில்லை. “அவங்க சொன்னது எங்கிட்ட இருக்கு. ஆனா என்னோடது இல்லியே அக்கா” என்றாள்.

அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. நம் வீட்டுக்குள் இருந்தும் ஒன்றும் வெளியே போகாது என்று நிம்மதி.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பிரஷர் இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது சாதாரணமில்லை, ஒருநாள்கூட மாத்திரையை விடக்கூடாது, விட்டால் ஒரு பக்கம் விழுந்துபோகும், ஆளே போனாலும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தங்கல் தொழில். போட்டில் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பார்கள். அவர் பை கட்டும்போது துணிக்கு மேலே மாத்திரை அட்டைகளை நான்தான் வைப்பேன். திரும்பி வந்ததும் பையைத் திறந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். எல்லா அட்டையும் காலியாக இருக்கும். ஒன்றுகூட மிச்சம் இருக்காது. ரெஜினாவின் புருசனும் இதே போட்டுதான். அவன் பையிலும் அட்டை காலியாகத்தான் வரும். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

ஒருநாள் அருமனைக்காரியிடமும் காட்டினேன்.

“பாரு பிள்ளே. ஊருக்கெல்லாம் போய் கணக்கெடுக்கே. எனக்க ஆளப் பாரு. ஒண்ணு விடாம தின்னிருக்காரு.”

அவள் அட்டையைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்க அக்கா” என்றாள். வெயிலில் அலைந்துவிட்டு வந்த தாகம் என்று நினைத்தேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டுகள் கரையில் கிடந்தன. அவர் வீட்டில் இருந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டே அவளோடு பேசுவார். அவள் இரண்டு படி மேலே பால் விடாத கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்திருப்பாள். நான் அடுக்களையில் இருப்பேன். அவர் குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்தில் என்னிடம் அவ்வளவு நீளமாக அவர் பேசினது இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. மகள் வயசுப் பிள்ளை என்று அடக்கிக்கொண்டேன்.

போட்டுக்காரர்கள் சங்கத்தில் ஒருநாள் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவளாகப் போய்க் கேட்டு வாங்கிய நேரம் அது என்று பின்னால்தான் தெரியும். அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“அந்தப் பிள்ளை இன்னைக்குப் பேசினது கொள்ளாம், நல்லா இருந்து. மாத்திரை திங்கவன் போட்டுல விழமாட்டான், மறைச்சு வைக்கவன்தான் விழுவான், அதனால திங்கவன விரட்டாதீங்கன்னு அத்தன பேரு முன்னால நின்னு சொல்லிச்சு.”

“பொறவு?”

“பொறவு என்ன. சீசன் முடியட்டு பாக்கலாம்னு சொல்லி சாயா குடுத்து அனுப்பினாங்க.”

அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். யாரைப் பற்றிய பேச்சு அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டு அட்டைதான் காலியாக வருகிறதே.

மாடியில் ஒரு மூலையில்தான் போன் எடுக்கும். வாரத்துக்கு ஒருமுறை அங்கே நின்று, பயிற்சி கொடுக்கிறவர்களிடம் பேசுவாள். துணி எடுக்கப் போனபோது ஒரு தடவை காதில் விழுந்தது.

“பேரு சொல்லல சார்... இல்ல, பேரு சொல்லமாட்டேன்... ஆனா உயிருக்கு ஆபத்துன்னா? ... செரி சார். அவரையே சொல்ல வைக்கேன்... செரி.”

என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தாள். அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் தகப்பன் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போனவர். இறந்துபோய்விட்டார். அவரும் மருந்தை ஒழுங்காகத் தின்னாதவர் என்று எப்போதோ சொன்னாள். அதற்குமேல் அவளைப் பற்றி எனக்குத் தெரியாது. ஊர்க் கதை முழுக்கத் தெரிந்தவள், தன் கதையை யாருக்கும் சொல்லவில்லை.

தடை முடிந்து போட்டு இறங்கியது. நான் வழக்கம்போலப் பை கட்டினேன். அவர் வாசலில் நின்று மேலே பார்த்து, “வாறேன் மக்கா” என்றார். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, “மாமா, மறக்காதீங்க” என்றாள்.

“இந்தத் தங்கல் கழியட்டு. வந்து சொல்லுதேன்” என்றார்.

என்ன என்று நான் கேட்கவில்லை.

வலை இழுக்கும்போது விழுந்தாராம். ஒரு பக்கம் அப்படியே போய்விட்டது. பேச்சு இல்லை. வெளிக்கடல். போட்டைத் திருப்பிக் கரையைப் பிடிக்க இரவும் பகலும் ஓட்டியிருக்கிறார்கள். கரை தெரிவதற்கு முன்னால் முடிந்துவிட்டது. வேறு மாநிலத்துத் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். பையும் கூட வந்தது. அட்டைகள் காலியாக இருந்தன. இன்னும் தின்ன வேண்டிய நாள்கள் எத்தனையோ பாக்கி இருந்தன. அட்டை எல்லாமே காலி.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் ஜெபத்துக்குக் கூடியிருந்தோம். அருமனைக்காரி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஏழு நாளும் வீட்டு வேலை முழுக்க அவள்தான் பார்த்தாள். போட்டில் அவரோடு கூடப் போன அந்தோணி என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தான்.

“அக்கா, மனசுல வச்சிட்டு இருக்க முடியல்ல. அண்ணன் மாத்திரை தின்னல்ல.”

“அட்டை காலியா இருக்கே.”

“கரை மறஞ்ச உடனே எல்லாத்தையும் உதுத்துக் கடல்ல போட்டிருவாரு. அட்டைய மட்டும் பைக்குள்ள வைப்பாரு. உங்ககிட்ட காட்டதுக்காக்கும். அவரு மட்டும் இல்ல. மாத்திரை உள்ள எல்லாரும் அப்படித்தான்.”

“என்னத்துக்குலே?” என்று ரெஜினா அலறினாள்.

“திங்கத போட்டு டிரைவர் கண்டா அடுத்த தங்கலுக்குக் கூப்பிடமாட்டாரு. முன்ன ஒருத்தன் நடுக்கடல்ல விழுந்து, போட்டு பாதியில திரும்பி, அத்தன பேருக்கும் பங்கு போச்சு. அதுலேருந்து சீக்காளிய ஏத்தமாட்டாங்க.” அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினான். “அருமனைக்காரிக்கு எல்லாம் தெரியும். நாங்க அவகிட்ட சொல்லியிருக்கோம்.”

அவள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

“தெரியுமா பிள்ளே?” என்றேன்.

“தெரியும் அக்கா.”

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

ரெஜினா எழுந்துவிட்டாள். “ஏட்டி! தெரிஞ்சிட்டா இவ ஆக்கிப் போட்ட சோத்தத் தின்னுட்டு இருந்தே?”

ரெஜினா அவள் முன்னால் போய் நின்றாள்.

“எனக்க மாப்பிள்ளையும் கடல்ல போடுதானா? அத மட்டும் சொல்லு. வாய் திறக்காண்டாம். தலைய ஆட்டு, போதும்.”

தலை ஆடவில்லை. பெண்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். இவளுடைய சாமானை எடுத்துத் தெருவில் போடுங்கள் என்று ஒருத்தி. படித்தவளுக்கு நம் உயிர் பாடப்புத்தகம் என்று ஒருத்தி. அவள் அழவில்லை. கையைத் துடைக்கவும் இல்லை. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அவள் பக்கத்தில் போனேன். எனக்கு வழி விட்டார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மக்கா.”

“ஒவ்வொரு தடவையும் கேட்டேன் அக்கா, உங்ககிட்ட நான் சொல்லட்டான்னு. நீ சொன்னா நான் அவள ஏமாத்தினதா ஆயிரும், நானே சொல்லுதேன், இந்தத் தங்கல் கழியட்டுன்னு சொன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“செரின்னு சொன்னேன்.”

“செரின்னு.”

“ஆமாக்கா.”

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குச் சொல்ல இருந்தது. கையெழுத்து வாங்கிய பேப்பர் இருந்தது. மேலே உள்ளவர்கள் போனில் சொன்னது இருந்தது. சங்கத்தில் போய்ப் பேசியது இருந்தது. ஒன்றையும் எடுத்து முன்னால் வைக்கவில்லை.

எனக்கு அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. ரெஜினா பக்கம் திரும்பி, “நீ போய் உனக்க மாப்பிள்ளைகிட்ட கேளு. இவ சொல்லமாட்டா” என்றேன். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் போனால் போதும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் ரெஜினா வீட்டில் பெரிய சத்தம். அவன் சொல்லிவிட்டான். அடுத்த வீட்டிலும் சத்தம். தெருவில் ஒவ்வொரு ஆணாகத் தன் வீட்டில் தானே சொன்னான். பெண்கள் எல்லாம் சேர்ந்து, பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனார்கள். இப்போது அந்தப் போட்டில் எல்லார் மாத்திரையும் டிரைவர் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறதாம். கஞ்சி குடித்ததும் டிரைவரே கூப்பிட்டுக் கொடுக்கிறாராம். ஊருக்கு நல்லது நடந்தது. எனக்கு நடக்கவில்லை.

அவள் பயிற்சி முடியக் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது. அதுவரை மேலேதான் இருந்தாள். சோறு கொடுத்தேன். பேசவில்லை. அவளும் பேச வரவில்லை. மாடியில் அவள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

போகிற அன்று மத்தியானம் பையும் குடையுமாக இறங்கி வந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். சாவியை மேசையில் வைத்தாள்.

“இரு” என்றேன்.

நின்றாள்.

“மாத்திரைக் காரியம் கிடக்கட்டு. எனக்க ஆளு உங்கிட்ட அவ்வளவு பேசினாரே. எங்கிட்ட பேசாதது எல்லாம் பேசினாரு. என்னைப் பத்தி என்ன சொன்னாரு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எப்போதும் கையைப் பார்க்கிறவள் அன்று முகத்தைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்லதாகத்தான் இருக்கும். கொடுக்க ஆசைப்படுகிற முகம் எனக்குத் தெரியும்.

“சொல்லு மக்கா. அவரு போயாச்சு. போனவனுக்கு இனி என்ன ரகசியம்?”

“சொல்லட்டான்னு இனி அவருகிட்ட கேக்க முடியாதே அக்கா” என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஏழாம் நாள் அத்தனை பேர் நடுவில் அழாதவள். அந்த ஒரு வார்த்தையை எனக்குத் தந்துவிட்டுப் போயிருந்தால் அவளுக்கும் பாரம் இறங்கியிருக்கும். தரவில்லை.

இந்த ஊரில் என் ஆள் நம்பியது ஒருத்தியை. அது நான் இல்லை. அது இன்னும் வலிக்கிறது. ஆனால் ஆளைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

“பைய எறக்கி வை” என்றேன்.

வைத்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு நான் சொல்ல ஆரம்பித்தேன். அவரைப் பற்றியும் என்னைப் பற்றியும், கல்யாணமான வருசத்திலிருந்து. ரெஜினாவிடம் சொல்லாதது. கோயிலில் சாமியாரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாதது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன். இரண்டு தடவையும், “பொறவு?” என்றாள். அவள் ஏறவேண்டிய குழித்துறை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது அவளிடம் இருக்கிறது.